"சொன்னால் செய்வன்தானே!" – வாசகர் கேள்வி பதில்

பிள்ளை வளர்ப்பவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு அளவில் செயற்றிட்ட முகாமையாளர்கள்தான் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. சிலருக்குச் சந்தோசம், சிலருக்குக் கோபம். "பெத்து வளர்க்கிறவளுக்கு இனி சேர்ட்டிபிக்கற்றும் வேணுமோ?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். வேண்டாம் அம்மா. ஆனால் வேலை தேடுகிற உங்கள் மகளுக்கு ஒருவேளை வேண்டிவரும், அதனால் அப்படி வேலை தேடுகிற ஒரு தாயின் கடிதத்தை முதலில் எடுக்கிறேன்.

கேள்வி: அக்கா, கலியாணத்துக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்தில் செயற்றிட்ட உதவியாளராக இருந்தேன். இரண்டு பிள்ளைகளும் பிறந்தபிறகு ஆறு வருடமாக வீட்டில்தான். இப்போது இணைப்பாளர் வேலை ஒன்றுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். பிள்ளை வளர்த்ததை அனுபவம் என்று சுயவிபரக்கோவையில் போடலாமா? பி.எம்.பி. என்ற செயற்றிட்ட முகாமையாளர் சான்றிதழ்ப் பரீட்சை எடுத்தால் இந்த இடைவெளியைச் சமாளிக்கலாமா?
— வாசகி, கோண்டாவில்

பதில்: "இல்ல முகாமையாளர்", "குடும்பத்தின் நிறைவேற்றுப் பணிப்பாளர்" என்றெல்லாம் பதவிப்பெயர் வைத்து எழுதச் சொல்லி இணையத்தில் நிறையப் பேர் புத்தி சொல்லுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நேர்முகத் தேர்வுக் குழுக்களில் நான் இருந்திருக்கிறேன், அப்படி ஒரு வரி வந்தால் மேசையைச் சுற்றி ஒரு சிரிப்பு ஓடும், அந்தச் சிரிப்போடுதான் உங்களை உள்ளே கூப்பிடுவார்கள். இந்த வருடத்தில் இருந்து இந்த வருடம் வரை முழுநேரப் பிள்ளை பராமரிப்பு என்று நேராக ஒரு வரி எழுதிவிடுங்கள். மறைக்கவும் வேண்டாம், பூச்சூட்டவும் வேண்டாம்.

அதற்குக் கீழேதான் உங்கள் சரக்கு இருக்கிறது. ஆறு வருடத்தில் முன்பள்ளிப் பெற்றோர் குழுவில் ஒரு தடவையாவது இருந்திருப்பீர்கள். விளையாட்டு விழாவுக்கு எத்தனை வீட்டில் காசு சேர்த்தீர்கள், கூடாரக்காரன் கடைசி நேரத்தில் கையை விரித்தபோது யார் ஓடியது, மிஞ்சிய காசுக்கு யாரிடம் கணக்குக் காட்டினீர்கள்? மாதர் சங்கம், சனசமூக நிலையம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், எதிலாவது பொருளாளராகவோ செயலாளராகவோ இருந்திருந்தால் அது சம்பளம் இல்லாத வேலையே தவிர, வேலை இல்லாமல் போய்விடாது. தொகையோடும் திகதியோடும் எழுதுங்கள்.

வீட்டுக்குள் நடந்ததை எழுத்தில் போடாமல் வாயில் வைத்திருங்கள். நெருக்கடியைச் சமாளித்த ஒரு சந்தர்ப்பம் சொல்லுங்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். மார்கழி மழைக்குப் பிறகு இங்கே டெங்கு வருவது புதினம் இல்லையே. மூத்தவன் வாட்டில், சின்னவள் வீட்டில், கணவர் கொழும்பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எத்தனை மில்லிலீற்றர் குடித்தது, எத்தனை மில்லிலீற்றர் சலம் போனது என்று தாயின் கையிலும் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்லுவார்கள், இரத்தம் எடுக்கிற நேரம் தனி, அதற்கிடையில் சின்னவளை யார் பள்ளிக்கூடத்தால் கூட்டிவருவது, இரவு யார் மாறி நிற்பது என்று போனிலேயே ஆள் பிரித்திருப்பீர்கள். முக்கியமான எண் எது என்று தெரிந்து அதை மட்டும் விடாமல் பார்ப்பதும், மற்றதை நம்பிக்கையான ஆளிடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பதும்தான் இந்தத் தொழிலின் பாதி. என்ன நடந்தது, என்ன முடிவெடுத்தீர்கள், எது பிழைத்தது என்று அழாமல் இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள்.

ஆனால் ஒன்று, பிள்ளை வளர்த்ததால் கொள்முதல் விதி தெரியவராது, நன்கொடையாளருக்கு அறிக்கை எழுத வராது. அதெல்லாம் ஆறு வருடத்தில் மாறியிருக்கும். அதைத் திரும்பப் படிக்கத் தயார் என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுவது நல்லது.

பி.எம்.பி. விசயம்: அதை நடத்துவது பி.எம்.ஐ. என்ற அமெரிக்க அமைப்பு, 1969இல் தொடங்கியது. பி.எம்.பி. எழுத, பட்டதாரி என்றால் செயற்றிட்டங்களை முன்னின்று நடத்திய அனுபவம் 36 மாதம், உயர்தரத்தோடு நின்றவர் என்றால் 60 மாதம், அதோடு 35 மணித்தியாலப் பயிற்சியும் வேண்டும். அனுபவம் என்றால் தொழில் அனுபவம், வீட்டுக் கணக்கு அங்கே எடுபடாது. உதவியாளராக இருந்த காலத்தை வைத்து அதில் ஏறப் பார்க்காதீர்கள். அதே அமைப்பின் சி.ஏ.பி.எம். என்ற சான்றிதழுக்கு அனுபவமே தேவையில்லை, பள்ளிப்படிப்பும் 23 மணித்தியாலப் பயிற்சியும் போதும், பயிற்சியை இணையத்திலேயே முடிக்கலாம். கட்டணம் டொலரில் என்பதால் முதலில் வேலைக்கு விண்ணப்பியுங்கள், அவர்கள் கேட்டால் எடுங்கள்.

கேள்வி: காலையில் கத்திக் கத்தித் தொண்டை போகிறது. ஐந்து மணிக்கு எழும்பி இடியப்பமும் சொதியும் வைக்கிறேன். மகள் நாலாம் வகுப்பு, நீளத் தலைமுடி, இரட்டைப் பின்னல். மகன் முதலாம் வகுப்பு, ஒரு இடியப்பத்தை அரை மணித்தியாலம் சாப்பிடுவான். ஓட்டோ ஏழு மணிக்கு வாசலில். ஏழரைக்குப் பள்ளிக்கூடம். ஒருநாளும் ஏழே காலுக்கு முதல் வெளிக்கிட்டதில்லை. மகனை எப்படித் திருத்துவது?
— வாசகி, சுன்னாகம்

பதில்: கத்த வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் நீங்கள் பிழையான ஆளைப் பார்த்துக் கத்துகிறீர்கள்.

1957இல் அமெரிக்காவின் டுபோன்ட் இரசாயனக் கம்பனியில் மோர்கன் வோக்கர் என்பவரும் ரெமிங்டன் ராண்ட் கம்பனியின் ஜேம்ஸ் கெலியும் சேர்ந்து ஒரு முறையை உண்டாக்கினார்கள். தொழிற்சாலை கட்டுவது, பழுதுபார்க்க மூடித் திறப்பது மாதிரி நூற்றுக்கணக்கான வேலைகள் பின்னிக் கிடக்கிற இடத்தில் எதைத் துரிதப்படுத்தினால் முழுவதும் துரிதமாகும் என்று கண்டுபிடிக்கிற வழி. கிறிற்றிக்கல் பாத் என்று சொல்லுவார்கள். விசயம் லேசானது. ஒன்று முடிந்தால்தான் மற்றது என்று தொடர்கிற வேலைகளில் ஆக நீளமான சங்கிலி ஒன்று இருக்கும், அதில் ஒரு நிமிடம் பிந்தினால் எல்லாமே ஒரு நிமிடம் பிந்தும். மற்ற வேலைகளுக்கெல்லாம் கொஞ்சம் இழுபறி தாங்கும்.

உங்கள் கடிதத்தையே எடுத்துப் பாருங்கள். இடியப்பம் அவித்து இறக்கும்வரை உங்கள் கை அடுப்படியில். அதற்குப் பிறகுதான் மகளுக்குத் தலை இழுத்துப் பின்னுகிறீர்கள். பின்னி ரிபன் கட்டி முடிந்தபிறகுதான் அவள் சாப்பிட வருகிறாள், சாப்பிட்டுத்தான் ரை கட்டுகிறாள். இந்தச் சங்கிலியில் மகன் எங்கே? எங்கேயும் இல்லை! அவன் அந்த அரை மணித்தியாலமும் மென்றுகொண்டே இருந்தாலும் அக்கா ரை கட்டி முடிப்பதற்குள் அவன் கோப்பை காலியாகிவிடும். அவனைக் கெதியாகச் சாப்பிட வைத்தால் வாசலில் சப்பாத்தோடு நிற்பான், அவ்வளவுதான், ஓட்டோ அதே ஏழே காலுக்குத்தான் வெளிக்கிடும்.

அடைபட்டுக் கிடப்பது உங்கள் இரண்டு கை. அடுப்பும் பின்னலும் ஒரே கைக்காகக் காத்து நிற்கின்றன. ஒன்றில் பின்னலை முதலில் முடித்துவிட்டு அடுப்புக்குப் போங்கள், இல்லையென்றால் அம்மம்மாவிடம் சீப்பைக் கொடுங்கள், அதுவும் இல்லையென்றால் பள்ளிக்கூட நாளில் பாணும் சம்பலும் என்று வைத்து இடியப்பத்தை சனி ஞாயிறுக்குத் தள்ளுங்கள். பாண் கொடுத்தால் நல்ல தாய் இல்லை என்று யாரும் சட்டம் போடவில்லை. முடியை வெட்டலாமா என்று கேட்காதீர்கள், அது மகளின் தலை.

இன்னொன்று, "நாளைக்கு வேளைக்கு வெளிக்கிடுவம்" என்று இரவில் நினைப்பதை நம்பாதீர்கள். போன தடவை எவ்வளவு நேரம் எடுத்தது என்று நன்றாகத் தெரிந்தும் அடுத்த தடவைக்கு மனிதர் குறைத்தே கணக்குப் போடுகிறார்கள் என்று கானமன், ற்வேஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு கிழமைக்குப் படலை தாண்டிய நேரத்தை மட்டும் கலண்டரில் குறியுங்கள். மேலதிக நேரம் வைப்பதென்றால் வெளிக்கிடுவதற்கு முன் ஒரே இடத்தில் பத்து நிமிடமாக வையுங்கள். குளிப்புக்கு ஐந்து, சாப்பாட்டுக்கு ஐந்து என்று பிரித்துக் கொடுத்தால் கிணற்றடியிலேயே எல்லாம் கரைந்துவிடும்.

கேள்வி: என்ர மனுசன் நல்லவர். குடி இல்லை, அடி இல்லை. வீட்டு வேலையும் செய்வார், ஆனால் ஒவ்வொன்றையும் நான் சொல்லவேண்டும். கேட்டால் "சொன்னால் செய்வன்தானே, ஏன் முகத்தைத் தூக்கிறாய்" என்பார். எனக்கு ஏன் இவ்வளவு களைப்பு என்று எனக்கே விளங்கவில்லை.
— வாசகி, நல்லூர்

பதில்: களைப்புக்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அவர் செய்வது வேலை, நீங்கள் செய்வது ஞாபகம் வைத்திருப்பது. அதுதான் பாரம், அதை யாரும் பார்ப்பதில்லை.

பிறிஸ்ரல் போட் கதை உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ரீச்சர் போடுகிறார், நாளைக்கு ஒரு வெள்ளை பிறிஸ்ரல் போட், இரண்டு நிறத்தில் டிசு பேப்பர், கம். கடை பூட்டி. அந்தத் தகவலை அந்த நேரம் பார்ப்பது யார், பக்கத்து வீட்டில் மிச்சம் இருக்குமா என்று யோசிப்பது யார்? தாய். மனுசன் குழுவை மியூட்டில் போட்டிருப்பார், அல்லது குழுவிலேயே இல்லை. "போய் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றால் உடனே மோட்டார் சைக்கிளை எடுப்பார், அதில் குறையே சொல்லமுடியாது.

அலுவலகத்தில் ஒரு வேலைக்கு எத்தனை பேர் கை கொடுத்தாலும், அது நடக்காவிட்டால் பதில் சொல்லுகிற ஆள் ஒருவர்தான் என்று முதலிலேயே எழுதிவைப்பார்கள். வீட்டில் அதை எழுதுவதில்லை, அதனால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுகிற ஆள் தானாகவே தாயாகிவிடுகிறார். ஆகவே துண்டு துண்டாக வேலை கொடுக்காதீர்கள், ஒரு விசயத்தை முழுதாகக் கொடுங்கள். உதாரணத்துக்குத் தடுப்பூசி. சின்னவருக்கு ஒன்பதாம் மாதம் ஒரு எம்.எம்.ஆர்., மூன்று வயதில் இன்னொன்று, இடையில் பன்னிரண்டாம் மாதமும் பதினெட்டாம் மாதமும் வேறு ஊசிகள், எல்லாம் கிளினிக் கொப்பியில் இருக்கிறது. அந்தக் கொப்பியையே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். திகதி பார்ப்பது, குடும்பநல மாதுவிடம் கேட்பது, அலுவலகத்தில் லீவு போடுவது, இரவு காய்ச்சல் வந்தால் பனடோல் அளவு பார்ப்பது வரை அவருடையது. வகுப்பு வட்ஸ்அப்பையும் அப்படியே, உங்கள் நம்பரை எடுத்துவிட்டு அவருடையதைச் சேருங்கள்.

கஷ்டமான பகுதி இனித்தான். அவர் உங்கள் மாதிரிச் செய்யமாட்டார். கொப்பியைத் தொலைத்துவிட்டுத் தேடுவார், டிசு பேப்பரில் பிழையான நிறம் வரும். பின்னால் நின்று "இப்பிடியில்லை, அப்பிடி" என்று ஒரு தரம் சொன்னீர்களோ, ஞாபகம் திரும்ப உங்கள் தலைக்கு வந்துவிடும். ஊசி பிந்துவதை விடமுடியாது, அதற்கு மட்டும் உங்கள் போனில் ஒரு அலாரம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அவருக்குத் தெரியாமல். மற்றதில் ஒரு நாள் பிள்ளை பிறிஸ்ரல் போட் இல்லாமல் போகட்டும். ரீச்சர் யாருக்குப் போன் எடுக்கிறார் என்று பாருங்கள்!

கேள்வி: குடும்ப வேலைகளை ஒழுங்குபடுத்த நல்ல அப் ஒன்று சொல்லுங்கள். மூன்று இறக்கிப் பார்த்தேன், சரிவரவில்லை.
— வாசகர், பருத்தித்துறை

பதில்: நாலாவதும் சரிவராது தம்பி. குளிர்சாதனப் பெட்டிக் கதவை மூன்று நிரலாகப் பிரித்து, செய்ய இருப்பது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது என்று சின்னத் தாள்களை ஒட்டுங்கள். டொயோட்டா கார்த் தொழிற்சாலையில் வளர்ந்த கன்பான் முறையின் எளிய வடிவம் இது. ஒரேயொரு விதியை மட்டும் விடாதீர்கள், நடுவில் ஒரே நேரத்தில் மூன்று தாளுக்கு மேல் இருக்கக்கூடாது. நாலாவது வேண்டுமென்றால் ஒன்றை முடிக்கவேண்டும். அப்பில் யாரும் இந்தக் கணக்குப் பார்ப்பதில்லை, ஐம்பது வேலையைப் பதிந்துவிட்டு ஒழுங்காகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போகிறோம்.

கேள்வி: நான் ஐ.ரி. துறையில் இருக்கிறேன். மகன் ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசிலுக்காக எக்செல்லில் முழு அட்டவணை போட்டிருக்கிறேன். கிழமைக்கு இத்தனை கடந்தகால வினாத்தாள், இலக்குப் புள்ளி, எட்டினால் பச்சை, எட்டாவிட்டால் சிவப்பு. முதலில் நன்றாகப் போனது. இப்போது ரியூசனில் கொடுத்த வினாத்தாள்களை ஒளித்துவைக்கிறான். மனைவி என்னைத் திட்டுகிறாள்.
— வாசகர், கொக்குவில்

பதில்: மனைவி சொல்வது சரி, ஆனால் உங்களுக்கு விளங்குகிற பாசையிலேயே சொல்லுகிறேன்.

உங்கள் கம்பனியில் சிவப்பு நிறம் காட்டியவனை முகாமையாளர் கூட்டத்தில் வைத்துக் கிழித்தால் அடுத்த கிழமை என்ன நடக்கும்? எல்லாரும் பச்சை காட்டுவார்கள். வத்தகப்பழ அறிக்கை என்று உங்கள் துறையிலேயே கிண்டலாகச் சொல்லுவார்கள், வெளியே பச்சை, வெட்டினால் உள்ளே சிவப்பு. உங்கள் மகன் பத்து வயதிலேயே அதைக் கண்டுபிடித்திருக்கிறான், கெட்டிக்காரன்தான். வினாத்தாளை ஒளிப்பது பிள்ளையின் குணத்தைப் பற்றிச் சொல்லவில்லை, அப்பாவிடம் கெட்ட செய்தி கொண்டுபோனால் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லுகிறது.

அட்டவணையைக் கிழிக்கச் சொல்லவில்லை. ரியூசன் நேரம், கூட்டிக்கொண்டு வருவது யார், எத்தனை மணிக்குப் படுக்கை, விளையாட்டு எப்போது, இதெல்லாம் இருக்கட்டும், இதெல்லாம் உங்கள் வேலை. புள்ளி நிரலை மட்டும் அழித்துவிடுங்கள். வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் மாறும், மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், அது உங்கள் கையிலும் இல்லை, அவன் கையிலும் இல்லை. தன் கையில் இல்லாத ஒன்றை இலக்காகப் போட்டு ஒரு ஊழியருக்குக் கொடுத்தால் நீங்களே அதை அநியாயம் என்பீர்கள்.

அதற்குப் பதிலாக ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணியோடு பத்து நிமிடம் இருங்கள். பேனை அவன் கையில் இருக்கட்டும். இந்தக் கிழமை எது லேசாக வந்தது, எது விளங்கவில்லை, வாற கிழமை எதை விடலாம் என்று அவனே எழுதட்டும். மென்பொருள்காரர் நீங்கள், இரண்டு கிழமைக்கு ஒருக்கால் உங்கள் குழுவோடு செய்கிற அதே கூட்டம்தான். கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள், எதை விடலாம் என்று கேட்கிற அப்பாவிடம் பிள்ளை எதையும் ஒளிக்காது. பரீட்சைக்கு ஒரு திகதி இருக்கிறது, அன்றைக்கு அது முடிந்துவிடும். அவன் அதற்குப் பிறகும் உங்களோடு கதைக்க வேண்டும்.

கேள்வி: மூத்த மகளுக்குச் சாமத்திய வீடு. வீட்டோடு சின்னதாகச் செய்வோம் என்றுதான் தொடங்கினோம். கனடாவில் இருக்கிற அண்ணா காசு தருகிறேன் என்றார், உடனே மண்டபம் என்றாகிவிட்டது. லண்டன் மச்சாள் ட்ரோன் வீடியோ வேண்டுமாம். ஒவ்வொரு இரவும் வட்ஸ்அப்பில் ஒரு புதுயோசனை. ஓடித்திரிவது நான். கணவர் "அவை காசு தருவினம்தானே, செய்வம்" என்கிறார். சின்னவளும் இருக்கிறாள், இதையே அவளுக்கும் செய்யவேண்டி வரும். எங்கே நிற்பாட்டுவது?
— வாசகி, சாவகச்சேரி

பதில்: முதலில் மகளைக் கேட்டீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், அவளைக் காணவில்லை. நாலு பேர் முன் மேடையில் இருத்துவதும் ட்ரோன் தலைக்கு மேலே பறப்பதும் அவளுக்குச் சம்மதமா என்று தனியாக இருந்து கேளுங்கள். வேண்டாம் என்றால் மிச்சக் கேள்வி எல்லாம் தானாக விழுந்துவிடும்.

அவளுக்கும் விருப்பம் என்றால் சரி, செய்யுங்கள். ஆனால் காசு தருகிற ஆள் வேறு, வேலை செய்கிற ஆள் வேறு என்றால் யோசனைக்கு முடிவே இருக்காது, ஏனென்றால் கனடாவில் இருந்து ஒரு யோசனை சொல்ல அண்ணாவுக்கு ஒரு செலவும் இல்லை, ஓட்டம் எல்லாம் உங்களுக்கு. நான் பார்த்த செயற்றிட்டங்களில் தறிகெட்டுப் போனவை பலதும் இப்படித்தான், ஒருவரும் பெரிதாக்கவில்லை, ஒவ்வொருவரும் கொஞ்சம் கூட்டினார்கள்.

இன்றைக்கே ஒரு பக்கத்தில் எழுதி வட்ஸ்அப்பில் போடுங்கள். நாள், ஆட்தொகை, மொத்தக் காசு, கடைசி முடிவு யாருடையது. இதில் ஆட்தொகைதான் ராசா. சாப்பாடு, மண்டபத்தின் அளவு, பலகாரம், அழைப்பிதழ் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும். பூமாலையில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதைவிட ஐம்பது பேரைக் குறைப்பது மேல். காசை ரூபாயில் எழுதுங்கள், டொலரில் பேசினால் எல்லாமே மலிவாகத்தான் தெரியும். நல்ல நாள் எது என்று ஐயர் சொல்லுவார், ஆனால் அவரிடம் போகமுதல் பள்ளிக்கூட விடுமுறையையும் வெளிநாட்டுக்காரர் ரிக்கற் போடக்கூடிய கிழமையையும் எழுதிக்கொண்டு போங்கள், அதற்குள் இரண்டு மூன்று நாள் பார்த்துத் தரச்சொல்லிக் கேட்கலாம்.

அதற்குப்பிறகு யார் புதிதாக எதைச் சொன்னாலும் "இல்லை" என்று சொல்லிச் சண்டைப்பட வேண்டாம். "நல்ல யோசனை மச்சாள், அதுக்கு எவ்வளவு வரும், ஆரோடை கதைக்கவேணும் எண்டு நீங்களே கேட்டுச் சொல்லுங்கோ" என்று எழுதுங்கள். ட்ரோன் வேண்டும் என்றால் ட்ரோன்காரரைப் பிடிப்பதும், பறக்கவிட அனுமதி இருக்கிறதா என்று விசாரிப்பதும் லண்டன் மச்சாளின் பொறுப்பு. முக்கால்வாசி யோசனை அந்த இடத்திலேயே நின்றுவிடும். மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவது கனடாக் காசு வங்கிக்கு வந்தபிறகுதான், தாறன் என்று சொன்ன அன்றைக்கு இல்லை. திகதி மாறினால் முற்பணம் திரும்புமா என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அழைப்பிதழ் அச்சுக்குப் போன நாளோடு கதவு பூட்டு, அதற்குப்பிறகு வருகிறதை எல்லாம் "சின்னவளின்ர சாமத்திய வீட்டிலை பாப்பம்" என்று சொல்லிவிடுங்கள்.